கரப்பான் ஏன் வருகிறது, ஆறிய இடத்திலேயே ஏன் திரும்பவும் வருகிறது?

கொல்லங்கோட்டிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவருடைய மகனுக்கு இரண்டரை வயது. ஆறாம் மாதத்தில் கன்னத்தில் தொடங்கிய கரப்பான் (எக்சிமா என்ற அரிப்புள்ள தோல் அழற்சி), பிள்ளை நடக்கத் தொடங்கிய பின் முழங்கை மடிப்புக்கும் முழங்காலின் பின்மடிப்புக்கும் இறங்கிவிட்டது. மருத்துவர் கொடுத்த களிம்பைப் பூசினால் பத்து நாளில் ஆறுகிறது. நிறுத்திய மூன்றாவது வாரம் அதே இடத்தில் திரும்பவும் வருகிறது. கெட்ட இரத்தம் வெளியேறுகிறது, களிம்பு போட்டு அடக்கினால் அது நெஞ்சுக்குள் போய் இழுப்பாக மாறும் என்று மாமியார் அஞ்சுகிறார். மீனையும் முட்டையையும் நிறுத்தச் சொல்கிறார்கள் அக்கம்பக்கத்தார். அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், பருப்பு உடைக்கும் நாத்தனாரின் கையிலும் இதே போன்ற வெடிப்பு இருப்பதால், அவரிடமிருந்து தொற்றியதோ என்ற ஐயமும் அவருக்கு இருக்கிறது. பாத்திரம் கழுவினால் தம்முடைய கையும் வெடிக்கிறது என்பதைக் கடைசி வரியில், பெரிதில்லாத செய்தியைப் போலச் சேர்த்திருக்கிறார்.

குழித்துறை, மார்த்தாண்டம் பக்கத்து மக்களுக்குத் தோல் மருத்துவம் பார்த்து வருகிறவன் என்ற முறையில், இந்தக் கேள்விகள் ஒவ்வொன்றும் வாரந்தோறும் என் முன்னால் வந்து அமர்கின்றன. கேரள எல்லை தாண்டிப் பாறசாலையில் கேட்டாலும் இதற்குக் கரப்பன் என்றே பெயர். பெயரோடு சேர்ந்து அச்சமும் இரு பக்கமும் ஒன்றுதான். ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் தோலின் மேற்பரப்பைப் பார்க்க வேண்டும். நாம் தொட்டு உணரும் வெளியடுக்கின் தடிமன், உடலின் பெரும்பாலான இடங்களில், ஒரு மில்லிமீட்டரின் ஐம்பதில் ஒரு பங்குதான். அதற்குள் பதினைந்து முதல் இருபது வரிசை உயிரற்ற தட்டைச் செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றின் இடைவெளிகளைச் செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் ஆகிய மூன்றும் சேர்ந்த ஒரு கொழுப்புப் பூச்சு அடைக்கிறது. நம் ஊர்ப் பழைய வீடுகளின் வெட்டுக்கல் சுவரை நினைத்துக்கொள்ளுங்கள். கல் உறுதியாக இருந்தாலும் இடையில் உள்ள சாந்து இரண்டு மழைக்காலத்தில் கரைந்துபோனால் சுவர் ஒழுகும், பூச்சி குடியேறும், பாசி பிடிக்கும். கரப்பான் உள்ள பிள்ளையின் தோலில் நடப்பதும் ஏறக்குறைய இதுவே. உள்ளிருக்கும் ஈரம் வெளியே கசிந்து ஆவியாகிறது. வெளியில் இருக்கும் தூசு, சோப்பு, நுண்ணுயிர், உணவுத் துணுக்கு ஆகியவை உள்ளே நுழைகின்றன. படை தெரிகிற இடத்தில் மட்டுமல்லாமல், கண்ணுக்கு நன்றாகத் தோன்றும் இடத்திலும் இந்தக் கசிவு ஓரளவு இருக்கிறது.

சுவர் ஏன் பலவீனமாகிறது? இதற்கு ஒரு பெரிய விடை 2006ஆம் ஆண்டில் கிடைத்தது. ஸ்காட்லாந்தில் உள்ள டண்டீ பல்கலைக்கழகத்தில் இர்வின் மெக்லீன் தலைமையில் உழைத்த குழுவினர், ஃபிலாக்ரின் என்ற புரதத்தை உருவாக்கும் மரபணுவில் ஏற்படும் பழுது, மீன்செதில் போல உலர்ந்த தோலுக்கு மட்டுமன்றிக் கரப்பானுக்கும் வழிவகுக்கிறது என்று காட்டினார்கள். ஃபிலாக்ரின் இரண்டு வேலைகளைச் செய்கிறது. தோல் செல்லின் உள்ளே இருக்கும் நார்களை இறுக்கிக் கட்டி, அந்தச் செல்லைத் தட்டையான ஓடாக மாற்றுவது ஒன்று. தன் வேலை முடிந்ததும் தானே சிதைந்து, ஈரத்தைப் பிடித்துவைக்கும் சிறு பொருள்களாகவும், தோலுக்கு இலேசான புளிப்புத் தன்மையைத் தரும் அமிலங்களாகவும் மாறுவது மற்றொன்று. அது குறைந்தால் ஓடும் நெகிழ்கிறது, ஈரமும் போகிறது, புளிப்பும் குறைகிறது.

புளிப்பு என்று சொன்னதை யாரும் கவனிப்பதில்லை என்பதால் அங்கே சிறிது நிற்கிறேன். புளிப்பு கூடினால் குறையும் எண்ணான பி.எச்., நலமான தோலில் ஏறத்தாழ 5. அதாவது இலேசான அமிலம். தோலின் மேலடுக்கைச் சிறிது சிறிதாக உதிர்க்கும் நொதிகள் இந்த அமில நிலையில் அடங்கியே இருக்கும். பி.எச். உயர உயர அவை விழித்துக்கொண்டு, செல்களைப் பிணைத்திருக்கும் கட்டுகளை நேரத்துக்கு முன்பே அறுக்கத் தொடங்குகின்றன. கொழுப்புப் பூச்சை உண்டாக்கும் நொதிகளோ அதே வேளையில் சோர்ந்துவிடுகின்றன. நாம் துணி துவைக்கவும் குளிக்கவும் பயன்படுத்தும் சாதாரணக் கட்டிச் சோப்பின் பி.எச். 9 முதல் 10 வரை இருக்கும். பிள்ளையின் உடம்பில் அழுக்கு இருப்பதாக எண்ணி, காலையும் மாலையும் சோப்புப் போட்டுப் பீர்க்கங்கூட்டால் தேய்த்துக் குளிப்பாட்டும் தாயை நான் குறைசொல்ல மாட்டேன். அன்பினால்தான் செய்கிறார். ஆனால் அந்தக் குளியலில், சாந்து கரைந்த சுவரின் மீது இன்னொரு மழையை அவர் பெய்விக்கிறார்.

ஃபிலாக்ரின் பழுதுபட்ட எல்லோருக்கும் கரப்பான் வருவதில்லை. கரப்பான் உள்ள பலருக்கு அந்தப் பழுதே இல்லை. ஐரோப்பியரிடம் முதலில் கண்ட மரபணு மாற்றங்கள் ஆசிய மக்களிடம் அரிதாகவே காணப்படுகின்றன. இங்கே வேறு மாற்றங்கள் இருக்கின்றன. ஆகவே சுவர் மட்டுமே முழுக் கதை என்று யாரும் சொல்லிவிட முடியாது. பிரிட்டனில் 1,394 குழந்தைகளைக் கொண்டு நடந்து 2020இல் வெளியான ஆய்வு ஒன்றில், பிறந்தது முதல் ஓராண்டு நாள்தோறும் ஈரக்களிம்பு பூசியும் கரப்பான் வருவதைத் தடுக்க முடியவில்லை. வந்தபின் பூசுவது பயன் தருகிறது, வருமுன் பூசியது தடுக்கவில்லை. சுவரைப் போலவே உள்ளிருக்கும் காவலையும் பார்த்தாக வேண்டும் என்பதே இதன் பொருள்.

தோல் செல்கள் வெறும் கற்கள் அல்ல. காயம் பட்டாலோ, அந்நியப் பொருள் நுழைந்தாலோ, அவை அபாயச் செய்திகளை வெளியிடுகின்றன. அவற்றைக் கேட்டு ஓடிவரும் நோயெதிர்ப்புச் செல்களில் ஒரு வகை, குடற்புழு போன்ற எதிரிகளை விரட்டுவதற்காகவே அமைந்தது. அது இன்டர்லூக்கின்-4, இன்டர்லூக்கின்-13 ஆகிய இரண்டு பொருள்களைச் சுரக்கிறது. கெடுதல் இங்கேதான் இரட்டிப்பாகிறது: இவ்விரண்டும் தோல் செல்லிடம் ஃபிலாக்ரினைக் குறைக்கவும் கொழுப்புப் பூச்சைக் குறைக்கவும் கட்டளையிடுகின்றன. கிருமியைக் கொல்லத் தோல் தானாகச் சுரக்கும் பொருள்களும் குறைந்துபோகின்றன. சுவர் உடைந்ததால் வந்த காவலர்கள் சுவரை மேலும் உடைக்கிறார்கள். மரபணுவில் எந்தப் பழுதும் இல்லாத பிள்ளைக்கும் ஃபிலாக்ரின் குறைவது இவ்வாறுதான். இவ்விரண்டு பொருள்களின் செயலையும் தடுக்கும் டுபிலுமாப் என்ற ஊசி மருந்துக்கு 2017இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. கடுமையான கரப்பானில் அதைக் கொடுத்தபோது அழற்சி தணிந்ததோடு தோலின் கசிவும் சீராயிற்று.

இப்படி உடைந்த தோலில் குடியேறும் கிருமி ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ். கரப்பான் படைகளைத் துடைத்துச் சோதித்தால் பத்துப் பேரில் ஏழு பேருக்கு அது இருக்கும். சீழ் வைக்காவிட்டாலும் அது சும்மா இருப்பதில்லை. அதன் நச்சுகள் காவல் செல்களைத் தூண்டுகின்றன; அதன் நொதி தோலின் கட்டுகளை அறுக்கிறது; அந்த நொதிகளில் ஒன்று நரம்பு நுனியையே நேராகத் தொட்டு அரிப்பை உண்டாக்குகிறது என்று 2023இல் எலிகளில் நடந்த ஆய்வு காட்டியது. அதற்காகக் கிருமிநாசினித் திரவத்தைக் குளிக்கும் நீரில் நாமாகவே ஊற்றுவது தவறு. சுவர் ஆறினாலே அந்தக் கிருமி பெரும்பாலும் தன்னால் குறைந்துவிடும். மஞ்சள் நிறப் பொருக்கு, நீர்வடிதல், காய்ச்சல் ஆகியவை தெரிந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இனி அரிப்பு. இரவு பதினொரு மணிக்கு விளக்கணைத்த அறையில், பாயின்மேல் பிள்ளை குதிகாலைத் தேய்த்துக்கொண்டே இருக்கும் சரசரப்பைக் கேட்டிருக்கும் தாய்க்கு, இந்த நோயின் முழுத் துன்பமும் அரிப்பில்தான் இருக்கிறது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பெரிய பிள்ளைகள் சிலரின் நகத்தைப் பார்த்தால் மெருகிட்டதைப் போலப் பளபளக்கும்; சொறிந்து சொறிந்து வந்த மெருகு அது. கொசு கடித்தால் வரும் அரிப்பு பெரும்பாலும் ஹிஸ்டமின் என்ற பொருளால் வருவது. கரப்பானின் அரிப்பில் ஹிஸ்டமினின் பங்கு சிறியது. இன்டர்லூக்கின்-31 போன்ற பொருள்கள் தோலிலுள்ள மெல்லிய நரம்புகளை நேராகவே தூண்டுகின்றன. அரிப்பு மாத்திரை கொடுத்தும் பிள்ளை ஏன் சொறிகிறது என்ற கேள்விக்கு இதுவே விடை. தூக்கம் வரவைக்கும் பழைய மாத்திரை சற்று உதவுவதுபோலத் தோன்றுவது, பிள்ளை மயங்கிக் கிடப்பதால். இரவில், அழற்சியைத் தணிக்கும் கார்ட்டிசால் என்ற உடம்பின் இயற்கைச் சுரப்பு தாழ்கிறது, தோலின் வெப்பமும் கசிவும் கூடுகின்றன. ஆகவே அரிப்பும் கூடுகிறது. சொறியும்போது சுவர் கிழிகிறது, கிழிந்த இடத்திலிருந்து புதிய அபாயச் செய்தி கிளம்புகிறது, மீண்டும் அரிக்கிறது. அதைத் தடுக்கப் பிள்ளையை அதட்டுவதில் எந்தப் பயனும் இல்லை.

சுவர், காவல், கிருமி, நரம்பு ஆகிய நான்கும் ஒன்றையொன்று வளர்க்கும் சுழல் இது. இப்போது சகோதரியின் இரண்டாவது கேள்விக்கு வரலாம். பத்து நாள் களிம்பில் மேலே தெரியும் படை மறைகிறது. ஆனால் அந்த இடத்தில் நினைவுச் செல்கள் என்று அழைக்கப்படும் சில நோயெதிர்ப்புச் செல்கள் தோலுக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. சுவரும் முழுமையாக மூடியிருக்காது. அடுத்த முறை வியர்வை தேங்கினாலோ, சோப்புப் பட்டாலோ, அந்தச் செல்கள் புதிதாகக் கற்கத் தேவையின்றி உடனே வேலையைத் தொடங்குகின்றன. அதே மடிப்பு, அதே வடிவம். மருத்துவர் கொடுத்த, அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு களிம்பு வேலை செய்யவில்லை என்பது இதன் பொருள் அன்று. சுழல் உறங்கியதே தவிர நிற்கவில்லை. அடிக்கடி திரும்பிவரும் பிள்ளைகளுக்கு, படை மறைந்த பின்பும் அதே இடத்தில் வாரம் இரண்டு நாள் களிம்பு பூசச் சொல்லும் முறை இந்தக் காரணத்தால் வந்தது. அதை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். பூசும் அளவையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். பயந்து பயந்து புள்ளிபோல வைக்கும் தாய்மார்கள் பலர். பெரியவரின் ஆள்காட்டி விரல் நுனிக் கணு நீளத்துக்குப் பிதுக்கிய களிம்பு, விரல்களும் சேர்ந்த பெரியவரின் இரண்டு உள்ளங்கை அளவுள்ள தோலுக்குப் போதுமானது.

மருந்துக்கடையில் நாமாகக் கேட்டு வாங்கும் கலவைக் களிம்புகளைப் பற்றி இங்கே கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கடும் ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் கிருமி மருந்தும் ஒரே குழாயில் இருக்கும். கரப்பான் என்று எண்ணி வட்டச்சொறிக்கு அதைப் பூசினால் பூஞ்சை முகமூடி போட்டுக்கொண்டு பரவும். பிள்ளையின் மெல்லிய தோலுக்கு அந்த வலிமை வேண்டவே வேண்டாம்.

மாமியார் சொன்னதைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. கரப்பான் இருந்த பிள்ளைக்குப் பின்னாளில் இழுப்பு வருவதை அவர் தம் கண்ணால் பார்த்திருப்பார். மருத்துவமும் அதையே பார்த்திருக்கிறது. 1923இல் கோக்கா, குக் என்ற இருவர் ஒவ்வாமைக்கு ஆட்படும் குடும்ப இயல்புக்கு அடோப்பி என்று பெயர் வைத்தார்கள்; 1933இல் வைஸும் சல்ஸ்பர்கரும் இந்தக் கரப்பானை அதனுடன் சேர்த்து அடோப்பிக் டெர்மடைட்டிஸ் என்றார்கள். கரப்பான், உணவு ஒவ்வாமை, இழுப்பு, தும்மல் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சில பிள்ளைகளுக்கு வருவது உண்மை. மாமியார் கண்டது சரி, காரணம்தான் வேறு. அடக்கியதால் உள்ளே போவதில்லை. உடைந்த தோலின் வழியாக நுழைந்த பொருள்களை உடம்பு எதிரியாகக் கற்றுக்கொள்கிறது. பின்னர் அதே பொருள் மூச்சிலோ வயிற்றிலோ வரும்போது எதிர்க்கிறது. அப்படியானால் தோலை ஆற்றாமல் விடுவதே ஆபத்து. இதே சல்ஸ்பர்கர்தான் 1952இல் விட்டன் என்பவருடன் சேர்ந்து ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டைத் தோலில் பூசிப் பயன் கண்டார். எழுபது ஆண்டு அனுபவம் உள்ள மருந்து இது.

உணவுக் கேள்விக்கான விடையும் இங்கிருந்தே வருகிறது. 2003இல் பிரிட்டனில், நிலக்கடலை எண்ணெய் கலந்த களிம்புகளை வெடித்த தோலில் பூசிய குழந்தைகளுக்கு நிலக்கடலை ஒவ்வாமை கூடுதலாக வந்திருப்பதைக் கண்டார்கள். 2015இல் லண்டனில் கிடியன் லாக் குழுவினர் 640 குழந்தைகளைக் கொண்டு நடத்திய ஆய்வில் இதன் மறுபக்கம் தெரிந்தது. கடும் கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ இருந்த அந்தக் குழந்தைகளில், நிலக்கடலையைத் தவிர்த்தவர்களில் 17 சதவீதத்தினருக்கும், சிறு வயதிலேயே வாய்வழி கொடுக்கப்பட்டவர்களில் 3 சதவீதத்தினருக்கும் ஐந்து வயதில் அந்த ஒவ்வாமை இருந்தது. வாய்வழி போவதை உடம்பு உணவு என்று ஏற்கிறது. கிழிந்த தோல் வழியாக நுழைவதைப் பகை என்று குறித்துக்கொள்கிறது. ஆகவே, தின்ற சில நிமிடங்களில் உதடு வீங்குதல், தடிப்பு, வாந்தி போன்றவை வராத பிள்ளைக்கு மீனையும் முட்டையையும் ஊகத்தின் பேரில் நிறுத்துவது இருவகையில் தவறு: வளரும் உடம்பின் புரதம் போகிறது, பொறுத்துக்கொண்டிருந்த உணவையே உடம்பு மறந்து எதிர்க்கவும் கூடும். கடற்கரைக் கிராமத்தில் சாளைமீன் வாசனை வீசும் வீட்டில் ஒரு பிள்ளையை மட்டும் வெறும் கஞ்சிக்கு முன்னால் உட்கார வைத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். எடை குறைந்திருந்தது, கரப்பான் குறையவில்லை. கடுமையான கரப்பான் உள்ள கைக்குழந்தைக்கு முட்டையையோ கடலையையோ முதன்முதலாகக் கொடுப்பதை மட்டும் மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள்.

எண்ணெயைப் பற்றியும் பலர் கேட்பார்கள். தேங்காய்ப்பாலைக் காய்ச்சி எடுக்கும் உருக்கெண்ணெய்க்கு நம் பாட்டிமார் தந்த மதிப்பு வீணானதன்று. பிலிப்பைன்ஸ் நாட்டில் 117 பிள்ளைகளுக்கு எட்டு வாரம் பூசிப் பார்த்து 2014இல் வெளியிட்ட ஆய்வில், அத்தகைய தேங்காயெண்ணெய் கனிம எண்ணெயைவிட நன்றாகவே வேலை செய்தது. குளித்துத் துவட்டிய ஈரத்தோலின்மேல் உடனே பூசினால் அந்த ஈரம் அடைபடும். ஆனால் ஆலிவ் எண்ணெயும் கடுகெண்ணெயும் கொழுப்புப் பூச்சைக் குலைக்கின்றன. இயற்கை எண்ணெய் என்ற ஒரே காரணத்தால் எல்லாவற்றையும் ஒன்றாக எண்ணக் கூடாது.

இத்தனை மழை பெய்யும் ஊரில் தோல் ஏன் உலர்கிறது என்றும் கேட்பதுண்டு. மழைக்கால ஈரம் தோலுக்கு நல்லதே. ஆனால் புழுக்கத்தில் வியர்வை மடிப்பில் தேங்கினால் அதன் உப்பு எரிச்சலைத் தூண்டும். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் போனால் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று தோலின் ஈரத்தையும் எடுத்துக்கொண்டு போகும். நம் மாநிறத் தோலில் கரப்பான் சிவப்பாகத் தெரிவதும் குறைவு. கருத்து, சாம்பல் பூத்ததுபோலச் சொரசொரப்பாகத் தெரியும். ஆறிய பின் வெளுத்த தேமல்போல நிற்கும் இடத்தைக் கண்டு வெண்புள்ளி நோய் என்று அஞ்ச வேண்டாம். மாதங்கள் சென்றால் நிறம் திரும்பும்.

நாத்தனாரின் கை வேறு வழியில் வெடித்தது. அவருடையது தொடுகையால் வரும் கரப்பான். கொல்லங்கொட்டையின் (முந்திரிக்கொட்டையின்) ஓட்டில் உள்ள எண்ணெயில் அனகார்டிக் அமிலம், கார்டால் போன்ற பொருள்கள் உண்டு. மாங்காய்ப் பாலிலும், வண்ணார் துணிக்குக் குறியிடப் பயன்படுத்திய சேங்கொட்டையிலும் இருப்பவை இவற்றின் உறவுப் பொருள்களே. எல்லாம் ஒரே தாவரக் குடும்பம். இந்த எண்ணெய் நேராகவே தோலைச் சுடும். சிலருக்கு ஒவ்வாமையாகவும் மாறும். அப்படி மாறினால், தோலில் காவலிருக்கும் லாங்கர்ஹான்ஸ் செல்கள் அந்தப் பொருளை நெறிக்கட்டிக்குக் கொண்டுபோய்க் காட்டுகின்றன; அங்கே பயிற்சி பெற்ற டி செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்கள், அடுத்த முறை தொட்ட இரண்டு மூன்று நாளுக்குள் அந்த இடத்தில் அழற்சியை எழுப்புகின்றன. சிமெண்டில் உள்ள குரோமியம், கவரிங் நகையில் உள்ள நிக்கல், தலைச்சாயம், ரப்பர் கையுறையைப் பதப்படுத்தும் வேதிப்பொருள் ஆகியவையும் இப்படியே. கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு பருப்பு உடைக்கும் வழக்கம் உண்டு; சாம்பல் காரமானது என்பதால் தோலின் புளிப்பு இன்னும் போகும். இதில் எதுவும் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது. அத்தை தாராளமாகப் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சலாம், ஓட்டெண்ணெய் பட்ட கையை நன்றாகக் கழுவிய பின்.

கடைசி வரியில் சேர்த்ததைத்தான் நான் முதலில் கவனித்தேன், சகோதரி. சன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் உங்கள் வலது உள்ளங்கையைப் பாருங்கள், பெருவிரலுக்குக் கீழே மேடான பகுதியை. மெல்லிய கோடுகள் நெருக்கமாகவும் ஆழமாகவும் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றனவா? பிறகு மகனின் கையையும் விரித்துப் பாருங்கள். இரண்டிலும் அப்படி இருந்தால், ஃபிலாக்ரின் குறைவாக உள்ள குடும்பமாக இருக்க வாய்ப்பு அதிகம். அது யாருடைய தவறும் அன்று, நீங்கள் கருவுற்றிருந்தபோது தின்றதாலும் வந்ததன்று. பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளர வளரக் கரப்பான் தணிந்துவிடும். ஆனால் இந்தத் தோல் உள்ளவர்களுக்கு, நீரிலும் சோப்பிலும் கை ஊறும் வேலையில் பின்னாளில் அது கையில் திரும்பக்கூடும், உங்களுக்கு வந்திருப்பதைப் போல. பாத்திரம் கழுவும்போது முதலில் மெல்லிய பருத்திக் கையுறை, அதன்மேல் பிளாஸ்டிக் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு வாங்கும் ஈரக்களிம்பில் உங்களுக்கும் ஒரு டப்பா சேர்த்து வாங்கி, அடுப்பங்கரைச் சன்னலிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.